நகரத்துக்குப் பணம் தேடிய மேயர்: ஜோசப் சேம்பர்லேன்

ஆண்டுக்கு இரண்டு முறை நம் வீட்டுத் தபால் பெட்டிக்கு ஒரு கடிதம் வருகிறது. அது ஊராட்சி மன்றம் அனுப்பும் மதிப்பீட்டு வரிக் கடிதம். அப்பா தொகையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். தெருமுனையில் விளக்கு எரியாமல் கிடப்பது அம்மாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வரும். வரி கட்டுகிறோமே, அந்தப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது.

அதற்கு முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. சாலை, சாக்கடை, குடிநீர், பூங்கா, நல்ல வீடு எல்லாவற்றுக்கும் இந்த வரி மட்டும் போதுமா? போதாதென்றால் ஒரு நகரம் பணத்துக்கு எங்கே போகும்?

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒருவர் இந்தக் கேள்விக்குத் துணிச்சலான பதில் ஒன்றைக் கண்டார். அவர் பெயர் ஜோசப் சேம்பர்லேன். மேயராக இருந்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவு. அதற்குள் ஒரு நகர மன்றம் எப்படிச் சம்பாதிக்கலாம் என்பதை நாட்டுக்கே காட்டினார். அவர் வெற்றி பெற்ற இடமும் தவறிய இடமும் நமக்குப் பாடம்தான்.

திருகாணி வியாபாரி

ஜோசப் சேம்பர்லேன் 1836ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் லண்டனில் கேம்பர்வெல் பகுதியில் பிறந்தார். அப்பா காலணி தயாரிப்புத் தொழில் செய்தவர். குடும்பம் யூனிட்டேரியன் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற முடியாத காலம் அது. படிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் சேம்பர்லேன் 16 வயதில் பள்ளியை விட்டுக் குடும்பத் தொழிலில் இறங்கினார்.

1854இல், 18 வயதில், அவரை பர்மிங்காமுக்கு அனுப்பினார்கள். அங்கே மாமா நெட்டில்ஃபோல்டு, திருகாணி செய்யும் தொழிற்சாலை நடத்திவந்தார். நாம் ஸ்குரூ என்று சொல்லும் அதே சாமான்தான். அமெரிக்காவிலிருந்து வந்த புதிய இயந்திர முறைக்கான உரிமையை வாங்க சேம்பர்லேனின் அப்பா முதலீடு செய்திருந்தார். அந்த முதலீட்டைக் கவனிப்பதே இளைஞர் ஜோசப்பின் வேலை.

அவர் வேலை பார்த்தது கணக்குப் பிரிவிலும் விற்பனையிலும். எந்த ஊரில் எந்த அளவு திருகாணி விற்கும், எதைக் கடனுக்குக் கொடுக்கலாம், எந்தப் போட்டியாளரை விலைக்கு வாங்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் தயாரான உலோகத் திருகாணிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நிறுவனத்துடையதாக இருந்தது. சிறிய நிறுவனங்களை விழுங்கி வளர்ந்தார் என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1874இல் தொழிலை விட்டு ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 38தான். வாழ்நாள் முழுவதும் சம்பளம் இல்லாமல் பொது வேலை பார்க்கும் அளவுக்கு அவரிடம் செல்வம் சேர்ந்திருந்தது.

இந்தப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நகர மன்றத்தையும் அவர் ஒரு வியாபாரியின் கண்ணால்தான் பார்த்தார். அவருடைய பலமும் குறையும் அதுவே.

கணக்குப் பார்த்த மன்றம்

1870களின் தொடக்கத்தில் பர்மிங்காமில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். துப்பாக்கி, பித்தளைச் சாமான், பொத்தான், நகை, பேனா முனை என்று ஆயிரம் சிறு தொழில்கள் நடந்த ஊர் அது. தொழில் வளர்ந்த வேகத்தில் ஊர் வளரவில்லை.

தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளில் வசித்தன. ஒரு வீட்டின் பின்சுவரே அடுத்த வீட்டின் பின்சுவர். பின்வாசல் கிடையாது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியும் கிடையாது. பல வீடுகள் ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி இருக்கும். கழிப்பிடமும் துணி துவைக்கும் இடமும் எல்லாருக்கும் பொதுவாக அந்த முற்றத்தில்தான்.

குடிநீர் நிலைமை இன்னும் மோசம். நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அந்தக் கிணறுகள் பலவற்றில் சாக்கடை நீர் ஊறிக் கலந்தது. குழாய்த் தண்ணீர் தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான் வரும். அம்மையும் காய்ச்சலும் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொண்டுபோயின.

நகர மன்றம் என்ன செய்தது? பல ஆண்டுகளாக அங்கே செல்வாக்கோடு இருந்தவர்கள் வரியைக் குறைவாக வைப்பதையே பெரிய சாதனையாக நினைத்தார்கள். அவர்களில் பலர் சிறு கடைக்காரர்கள், சிறு வீட்டுச் சொந்தக்காரர்கள். மன்றத்துக்கு வருமானம் வந்த முக்கிய வழி, வீடு, கடைகளின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு விதிக்கும் வரி. அதை உயர்த்தினால் முதலில் அடி விழுவது அவர்களுக்குத்தான். அதனால் சாக்கடைத் திட்டம் வந்தால் தள்ளிப்போடுவார்கள், சாலைத் திட்டம் வந்தால் செலவைக் குறைப்பார்கள். அவர்கள் பயத்தில் ஒரு நியாயமும் இருந்தது. சிறு வருமானக்காரருக்கு வரி உயர்வு உண்மையான சுமைதான்.

அதே ஊரில் வேறொரு குரலும் கேட்டது. ஜார்ஜ் டாசன், ஆர்.டபிள்யூ. டேல் போன்ற சமயப் போதகர்கள், நகரத்துக்குத் தொண்டு செய்வது இறைத்தொண்டுக்குச் சமம் என்று தேவாலயங்களில் பேசினார்கள். படித்தவர்களும் தொழில் அதிபர்களும் மன்றத்துக்கு வர வேண்டும் என்று அழைத்தார்கள். அந்த அழைப்பைக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் சேம்பர்லேன். எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி வேண்டும் என்று 1869இல் பர்மிங்காமில் உருவான தேசியக் கல்விச் சங்கத்தில் தீவிரமாக உழைத்தார். அதே ஆண்டு மன்ற உறுப்பினரானார். 1873 நவம்பரில் மேயரானார்.

எரிவாயுவில் கிடைத்த வழி

புதிய மேயர் பார்த்த முதல் சிக்கல், வேலை நிறைய, பணம் குறைவு என்பது. வரியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு திட்டத்துக்கும் வரி செலுத்துவோரோடு சண்டை போட வேண்டும். வரியைத் தவிர வேறு வருமானம் மன்றத்துக்கு வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவர் கண்ணில் பட்டது எரிவாயு. மின்சாரம் வராத காலத்தில் தெரு விளக்கும் வீட்டு விளக்கும் நிலக்கரியிலிருந்து எடுத்த எரிவாயுவில்தான் எரிந்தன. பர்மிங்காமில் இரண்டு தனியார் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு எரிவாயு விற்றன. இரண்டும் தனித்தனியே சாலையைத் தோண்டிக் குழாய் பதித்தன. இரண்டு நிறுவனங்களையும் மன்றமே வாங்கிவிடலாம் என்று சேம்பர்லேன் சொன்னார். மான்செஸ்டர் நகரம் ஏற்கெனவே எரிவாயுவைத் தன் கையில் வைத்து அதன் லாபத்தில் ஊரை மேம்படுத்தி வந்தது. அது அவருக்கு நல்ல முன்மாதிரி.

விலை ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பில் அது தலைசுற்ற வைக்கும் தொகை. ஏற்கெனவே கடனில் இருக்கும் மன்றம் இன்னும் கடன் வாங்குவதா என்று பலர் திகைத்தார்கள். சேம்பர்லேனோ வியாபாரியாகப் பதில் சொன்னார். மன்றத்துக்கு வேண்டாமென்றால் அந்தத் தொழிலைத் தானே எடுத்துக்கொண்டு, அதற்காக மன்றத்துக்கு ஆண்டுதோறும் பணமும் கட்டத் தயார் என்றார். லாபம் நிச்சயம் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவர் சொன்ன கணக்கை இப்படிப் புரிந்துகொள்ளலாம். நூறு ரிங்கிட் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 4 ரிங்கிட் வட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு ரிங்கிட்டில் வாங்கிய தொழில் ஆண்டுக்கு 6 ரிங்கிட் ஈட்டுகிறது. வட்டி போக மிச்சம் 2 ரிங்கிட். அதில் ஒரு பகுதியை முதலைத் திருப்பிக் கட்ட ஒதுக்கினாலும் இன்னும் கொஞ்சம் கையில் இருக்கும். கடன் வாங்கிச் சாப்பிடுவது வேறு, கடன் வாங்கிப் பால் தரும் மாடு வாங்குவது வேறு. சேம்பர்லேன் வாங்கச் சொன்னது மாடு.

மன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் மன்றம் நினைத்தால் மட்டும் போதாது. இவ்வளவு பெரிய கடனுக்கும் கொள்முதலுக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1875இல் அந்தச் சட்டம் வந்தது. மன்றத்தின் கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே எரிவாயுத் துறை சுமார் 34,000 பவுண்டு லாபம் ஈட்டியது. பின்னர் எரிவாயு விலையும் குறைந்தது.

அந்த லாபத்தின் ஒரு பகுதி எங்கே போனது தெரியுமா? 1885இல் திறக்கப்பட்ட பர்மிங்காம் அருங்காட்சியகமும் ஓவியக்கூடமும் எரிவாயுத் துறையின் அலுவலகக் கட்டடத்தின் மேல்தளத்தில்தான் அமைந்தன. நூலகத்துக்கும் கலைக்கும் மன்றம் வரியிலிருந்து செலவிடக்கூடிய தொகைக்குச் சட்டம் கடுமையான வரம்பு வைத்திருந்தது. எரிவாயுத் துறை தன் அலுவலகத்தைக் கட்டி, அதன்மேல் ஓவியக்கூடத்தையும் கட்டிக்கொடுத்தது. ஊர் மக்கள் அடுப்புக்கும் விளக்குக்கும் கொடுத்த காசில் எழுந்த கூடம் அது.

தண்ணீரில் லாபம் வேண்டாம்

அடுத்து அவர் குடிநீர் நிறுவனத்தை எடுத்துக்கொண்டார். விலை சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. இங்கே அவருடைய வாதம் அடியோடு மாறியது. எரிவாயுவில் லாபம் வரலாம், ஏனென்றால் அதை அதிகம் பயன்படுத்துவது வசதியுள்ளவர்களும் கடைகளும் தொழிற்சாலைகளும். தண்ணீர் அப்படி இல்லை. அது எல்லாருக்கும் உயிர். அதில் வரும் லாபம் ஏழையின் உடல்நலத்தை விற்று வரும் லாபம் என்பது அவர் நிலைப்பாடு. நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோதும் குடிநீரிலிருந்து மன்றம் லாபம் தேடாது என்பதை வலியுறுத்தினார்.

ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு கொள்முதல், ஆனால் இரண்டு கொள்கைகள். எதில் சம்பாதிக்கலாம், எதில் சம்பாதிக்கக் கூடாது என்று முதலில் பிரித்துப் பார்த்ததுதான் அவருடைய பெரிய சிந்தனை என்று எனக்குத் தோன்றுகிறது.

1876 தொடக்கத்தில் குடிநீர் மன்றத்தின் கைக்கு வந்தது. கெட்டுப்போன கிணறுகளை மூடினால் மாற்றுத் தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கு இனி மன்றமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் வேல்ஸ் நாட்டின் இலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, சுமார் 118 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பர்மிங்காமுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1904இல் அத்திட்டம் திறக்கப்பட்டது.

இந்த வேலைகளுக்கு நடுவே அவர் வீட்டில் இடி விழுந்தது. முதல் மனைவி ஹாரியட் 1863இல் மகன் ஆஸ்டினைப் பெற்றெடுத்த சில நாட்களில் இறந்திருந்தார். இரண்டாம் மனைவி ஃபுளோரன்ஸும் 1875 பிப்ரவரியில் பிரசவத்தின்போது இறந்தார். ஆறு குழந்தைகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டு அவருடைய அம்மாவும் காலமானார். பதவியை விட்டுவிட நினைத்தவரை நண்பர்கள் தேற்றி நிறுத்தினார்கள்.

கார்ப்பரேஷன் தெரு

1875இல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் இயற்றியது. உள்துறை அமைச்சர் ரிச்சர்டு கிராஸ் கொண்டுவந்த அச்சட்டம், உடல்நலத்துக்குக் கேடான குடியிருப்புப் பகுதிகளை மன்றங்கள் கட்டாயமாக வாங்கி இடித்துச் சீரமைக்க அதிகாரம் கொடுத்தது.

சேம்பர்லேன் உடனே காரியத்தில் இறங்கினார். நகரின் மையத்தில் சுமார் 90 ஏக்கர் பரப்பை மேம்பாட்டுப் பகுதியாக மன்றம் அறிவித்தது. நகரச் சுகாதார அதிகாரி டாக்டர் ஆல்ஃபிரட் ஹில் அங்குள்ள நோய், இறப்பு விவரங்களைத் தந்தார். மேம்பாட்டுக் குழுவின் தலைவர் வில்லியம் வைட், அந்தச் சந்துகளில் தாம் கண்ட ஈரச் சுவர்களையும் சிதைந்த வீடுகளையும் மன்றத்தில் விவரித்தார். பகுதியின் நடுவே ஓர் அகன்ற சாலை போடுவது திட்டம். அதுதான் இன்றும் பர்மிங்காமின் முக்கியக் கடைவீதியான கார்ப்பரேஷன் தெரு. திட்டத்துக்குச் சேம்பர்லேன் தன் சொந்தப் பணம் 10,000 பவுண்டு கொடுத்தார்.

இதற்குப் பணம் தேடிய விதம் புதுமையானது. மன்றம் கடன் வாங்கி நிலத்தை வாங்கும். சாலை போட்டதும் நிலத்தின் மதிப்பு உயரும். ஆனால் மன்றம் அந்த நிலத்தை விற்காது. கடைகளும் அலுவலகங்களும் கட்ட விரும்புவோருக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விடும். குத்தகைப் பணத்தில் கடன் அடையும். 75 ஆண்டு முடிந்ததும் நிலமும் அதன்மேல் உள்ள கட்டடங்களும் மன்றத்துக்கே திரும்பி வரும். தான் உயிரோடு இல்லாத ஒரு காலத்தில் பர்மிங்காம் பெரும் பணக்கார நகரமாகும் என்று சேம்பர்லேன் கணக்குப் போட்டார்.

சாலையோ ரயிலோ வந்தால் பக்கத்து நிலத்தின் விலை ஏறுவதை நாமும் பார்க்கிறோம். அந்த ஏற்றம் பொதுப்பணத்தால் வந்தது. அதில் ஒரு பங்கு பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் குத்தகை முறையின் அடிப்படை.

ஆனாலும் திட்டம் நினைத்தபடி ஓடவில்லை. கிராஸ் சட்டப்படி இடிந்து விழும் வீட்டுக்கும் அதன் சொந்தக்காரருக்குத் தாராளமாக இழப்பீடு தர வேண்டியிருந்தது. வீட்டைப் பழுது பார்க்காமல் வாடகை மட்டும் வாங்கியவருக்கு மக்கள் பணம் பரிசாகப் போனது. 1879இல்தான் அந்த விதியைத் திருத்தினார்கள். மேலும் 1870களின் இறுதியில் வியாபாரம் மந்தமானதால் குத்தகைக்கு ஆள் வருவதும் தாமதமானது. பற்றாக்குறையை வரி செலுத்துவோர் சுமந்தார்கள். திட்டம் மன்றத்துக்கு வைத்த செலவு சுமார் 3 லட்சம் பவுண்டு.

அந்தக் குடும்பங்கள் எங்கே போயின?

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி வருகிறது. கார்ப்பரேஷன் தெருப் பகுதியில் 1873 முதல் 1875 வரை ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 53 பேர் இறந்தார்கள். 1879 முதல் 1881 வரை அது 21ஆகக் குறைந்தது. எண்ணைப் பார்த்தால் மாபெரும் வெற்றி.

ஆனால் புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். முதலில் எண்ணப்பட்டவர்களும் பிறகு எண்ணப்பட்டவர்களும் ஒரே மக்களா? இல்லை. பழைய வீடுகள் இடிக்கப்பட்டபோது அங்கே வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். புதிய தெருவில் கடைகளும் அலுவலகங்களும் எழுந்தன. தெரு குணமானது உண்மை. அந்தத் தெருவில் நோயாளியாக இருந்தவரும் குணமானாரா என்பதை இந்த எண் சொல்லாது.

வெளியேறுபவர்களுக்கு மாற்று வீடு வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம்தான். ஊரின் பிற பகுதிகளில் காலி வீடுகள் இருக்கின்றன என்று மன்றம் வாதிட்டது. மன்றமே வீடு கட்டிக் குடியமர்த்தினால் செலவு கட்டுப்படியாகாது என்று மேம்பாட்டுக் குழு முடிவு செய்தது. பலர் பக்கத்துச் சந்துகளிலேயே நெருக்கியடித்துக் குடியேறினார்கள். மற்றவர்கள் காலப்போக்கில் புறநகருக்குப் போனார்கள். வேலை செய்யும் பட்டறை நகர மையத்தில் இருக்க, புறநகரிலிருந்து நடந்து வருவது எளிதல்ல. 1890 வாக்கில்தான் மன்றம் முதல் முறையாகச் சில வரிசை வீடுகளைக் கட்டியது. எல்லாம் சேர்ந்து சுமார் நூறு வீடுகள். தேவையோ ஆயிரக்கணக்கில்.

எரிவாயுவையும் தண்ணீரையும் பிரித்துப் பார்த்தவர், வீட்டை எந்தப் பக்கம் வைத்தார்? தண்ணீரைப் போல உயிருக்கு வேண்டியது என்று நினைத்திருந்தால் லாபக் கணக்கை ஒதுக்கி வீடு கட்டியிருக்கலாம். நடைமுறையில் நகர நிலம் எரிவாயுவின் பக்கம் போய்விட்டது. வருமானம் தரும் பொருளாகவே அது கணக்கில் எழுதப்பட்டது. 1883இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், சேரிகளை வைத்துச் சம்பாதித்த நிலச் சொந்தக்காரர்களே சீரமைப்புச் செலவைத் தாங்க வேண்டும் என்று வாதிட்டார். அனுபவம் கற்றுக்கொடுத்த பாடமாக இருக்கலாம். அப்போது அவர் மேயர் நாற்காலியில் இல்லை.

இடிக்காமல் சீர்செய்யலாமா?

அந்தக் கேள்வியை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. 1901இல் பர்மிங்காம் மன்றம் தனியாக ஒரு வீட்டுவசதிக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஜான் நெட்டில்ஃபோல்டு. திருகாணித் தொழில் நடத்திய அதே குடும்பத்தவர், சேம்பர்லேனின் தம்பி மகளை மணந்தவர்.

அவர் வழி வேறு. பகுதி முழுவதையும் வாங்கி இடித்தால் இழப்பீட்டுக்கே பணம் தீர்ந்துவிடும். எனவே 1890ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தைப் பயன்படுத்தி, மோசமான வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு மன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கூரையை, சுவரை, கழிப்பிடத்தைச் சொந்தச் செலவில் சீர்செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டை மூட வேண்டியிருக்கும் என்பது அதன் பொருள். முற்றத்தை அடைத்து நின்ற ஓரிரு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, வெளிச்சமும் காற்றும் உள்ளே வர வழி செய்தார்கள்.

குறைந்த பொதுப்பணத்தில் நிறைய வீடுகள் இப்படித் திருத்தப்பட்டன. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஒட்டுப்போட்ட வீடு புதிய வீடாகாது. செலவு செய்த சொந்தக்காரர் வாடகையை ஏற்றவும் கூடும். முதல் உலகப் போர் தொடங்கும் காலத்திலும் பர்மிங்காமில் 40,000க்கும் மேற்பட்ட முதுகொட்டிய வீடுகள் எஞ்சியிருந்தன.

சேம்பர்லேனின் மகன் நெவில் இன்னொரு வழி கண்டார். அவரும் பர்மிங்காம் மேயரானவர். அவருடைய முயற்சியால் 1916இல் நகர மன்றத்தின் சேமிப்பு வங்கி தொடங்கியது. 1919இல் அது நிரந்தர நகர வங்கியாகி, ஊர் மக்களின் சேமிப்பைக் கொண்டு ஊர் மக்களுக்கே வீடு வாங்கக் கடன் கொடுத்தது.

மேயர் பதவிக்குப் பிறகு

சேம்பர்லேன் 1876இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1880இல் வர்த்தகத் துறை அமைச்சரானார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 1886இல் லிபரல் கட்சியிலிருந்து பிரிந்தார். 1895 முதல் 1903 வரை காலனித்துவ அமைச்சர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896இல் ஐக்கிய மலாய் மாநிலங்களாக இணைந்தபோது லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். தென்னாப்பிரிக்காவில் 1899இல் வெடித்த போயர் போரிலும் அவர் பெயர் ஆழமாகக் கலந்திருக்கிறது. தன் ஊர் மக்களுக்காகப் போராடியவர், பிற நாடுகளைப் பேரரசின் சொத்தாகவே பார்த்தார். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது இதை மறைக்கக் கூடாது.

பல்கலைக்கழகம் போகாத அவர் 1900இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் உருவாக முன்னின்று, அதன் முதல் வேந்தரானார். அங்குள்ள உயரமான மணிக்கூண்டை மாணவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லிச் செல்லமாக அழைக்கிறார்கள். 1906இல் பக்கவாதம் தாக்கியது. 1914 ஜூலை 2ஆம் நாள் காலமானார். அவர் பிரதமராகவில்லை. மகன் நெவில் ஆனார். மூத்த மகன் ஆஸ்டின் 1925ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நமக்கு என்ன?

எரிவாயு 1949இல் நாட்டுடைமையானது. குடிநீர் 1974இல் மன்றத்தின் கையை விட்டு வட்டார அமைப்புக்குப் போனது. சேம்பர்லேன் தேடித் தந்த அந்த இரண்டும் இன்று பர்மிங்காம் மன்றத்திடம் இல்லை. 2023 செப்டம்பரில் அதே மன்றம், வரவும் செலவும் ஒத்துவரவில்லை, அவசியமற்ற புதிய செலவுகளை நிறுத்துகிறோம் என்று சட்டப்படி அறிவிக்க வேண்டி வந்தது. சம ஊதிய வழக்குகளின் நிலுவையும் கணினித் திட்டத்தின் செலவும் அதற்குப் பெரிய காரணங்கள். ஒரு நகரத்தின் நிதி ஒரு முறை சரிசெய்துவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மாணவர்களே, நகரத்துக்குப் பணம் வரும் வழிகள் அன்றும் இன்றும் பெரிதாக மாறவில்லை. வரி, கடன், சொந்தத் தொழில் வருமானம், நிலத்தின் மதிப்பு ஏற்றம், தனியார் சொந்தக்காரரைச் செலவு செய்ய வைக்கும் சட்டம், மேலுள்ள அரசின் மானியம். எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் நகரங்கள் வேறுபடுகின்றன.

பர்மிங்காமில் ஹர்ஸ்ட் தெரு முனையில் முதுகொட்டிய வீடுகளின் ஒரு முற்றத்தை மட்டும் இடிக்காமல் காத்து, 2004 முதல் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கார்ப்பரேஷன் தெரு வந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மேயர் சேம்பர்லேனின் கணக்கு முழுமையாகப் புரியும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டால், படத்தில் தெரியும் புதிய கட்டடத்தை மட்டும் பார்க்காதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது, திரும்பி வரும் லாபம் யாருக்கு, இப்போது அங்கே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேளுங்கள். அடுத்த மதிப்பீட்டு வரிக் கடிதம் வரும்போது அப்பாவோடு உட்கார்ந்து அதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.